பள்ளிக்கூட வேனும் பாலித்தீன் அறையும்

காருக்குப் பெயிண்ட் அடிப்பவன் கையில் இருப்பது ஸ்பிரே கன் மட்டும்தான்; அடித்தது காய்கிற வரைக்கும் வேலை காற்றின் கையில் இருக்கிறது. தகரக் கொட்டகையில் நின்று வண்டி அடித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காக, ஒரு வேன் என்னிடம் இருந்த ஆறு நாட்களைச் சொல்கிறேன்.

வெள்ளைக் கதவு

மலைநாட்டு டிக்கோயாவில் என் கொட்டகைக்கு மூன்று பக்கம்தான் தகரம். சிவலிங்கம் தன் வேனை ஒரு செவ்வாய்க்கிழமை கொண்டுவந்து விட்டார். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளை ஹட்டன் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகிற வேன். லீவு முடிந்து திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. அன்றைக்கு வேன் வராவிட்டால் பிள்ளைகளை வேறு வேனில் சேர்த்துவிடுவதாகப் பெற்றோர் சொல்லியிருந்தார்கள். துருவைச் சுரண்டி, பட்டி போட்டுத் தேய்த்து, புதன்கிழமை பகல் ஒரு கதவுக்கு இளநீலம் அடித்தேன்.

இரண்டு மணிக்கு மூடுபனி உள்ளே வந்தது. கேட்டுக்கொண்டு வரவில்லை. ஈரப் பெயிண்டின் மேல் படிந்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கதவு நீலத்திலிருந்து வெள்ளையாக மாறியது. பதினெட்டு வருஷமாக இந்த வேலை செய்கிறேன். ஒரு முழுக் கதவு அப்படி வெளுத்து நான் கண்டதில்லை. சிவலிங்கம் அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"நெறம் நல்லாத்தான் இருக்கு பாஸ். ஆனா நான் நீலம்னுல்ல சொன்னேன்."

ராகலையிலிருந்து வந்த கூரை

மூடிய அறை இல்லாமல் முடியாது என்று தெரிந்துபோனது. என் மனைவியின் தம்பி ரவி வெல்டிங் தெரிந்தவன். ராகலையில் ஒருவர் மரக்கறி வளர்க்கும் பாலித்தீன் கூடாரத்தைப் பிரித்துப் போட்டிருந்தார். அந்தப் பாலித்தீனையும் பைப்புகளையும் லொறியில் ஏற்றி வந்து, வியாழன் இருட்டுவதற்குள் வேனைச் சுற்றி ஓர் அறை எழுப்பிவிட்டோம். சோப்புத்தூள் போட்டுக் கழுவினோம். நான்கு மூலையும் ஒட்டினோம். எனக்குப் பெருமையாகவே இருந்தது.

வெள்ளி காலை உள்ளே போனேன். கூரையின் உட்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். வெளியே ஒரு சொட்டு மழை இல்லை; உள்ளே பொனட்டின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. தக்காளிக்கு அது நல்லதாக இருந்திருக்கும். ரவி தலையைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

"மச்சான், வெளிய போயி கொஞ்சம் காஞ்சிட்டு வருவோம்."

கற்பூரம்

கூரையைத் துடைத்துக் காயவைத்தோம். வேன் முழுவதையும் தின்னர் நனைத்த துணியால் துடைத்து வைத்துவிட்டு, கம்பிரசர் குழாயை எடுக்க வெளியே போனேன். திரும்பி வந்தபோது வேனுக்கு முன்னால் வாழையிலை, தேங்காய், ஊதுபத்தி. சிவலிங்கம் தட்டில் கற்பூரத்தை ஏற்றி வேனுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அவருடைய காலடியில் திறந்த தின்னர் டின்.

குழாயைக் கீழே போட்டேன். அணைக்கச் சொல்லிக் கையை ஆட்டினேன். ஆரத்தியை நான் ஒற்றிக்கொள்ளக் கேட்கிறேன் என்று நினைத்து அவர் தட்டோடு என்னிடம் வந்தார். வருகிற வழியில் தொங்கிய தின்னர் துணி பற்றிக்கொண்டது. ரவி அதைக் காலால் வெளியே இழுத்து மிதித்தான். ஒரு பக்கப் பாலித்தீனில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. வேனுக்கு ஒன்றுமில்லை. ஓடிப்போய் டின்னுக்கு மூடி போட்டேன். சிவலிங்கம் தட்டைக் கீழே வைக்கவேயில்லை.

"புது எடம் பாஸ். சாமி கும்புடாம எப்புடி ஆரம்பிக்கிறது?"

தேயிலைப் பஞ்சு

ஓட்டையை ஒட்டினோம். இனி அறைக்குள் காற்று ஓட வேண்டும். மூடிப்போன ஒரு தேயிலை ஃபெக்டரியில், தூள் சலிக்கும் அறையில் இருந்த விசிறி பழைய இரும்புக் கடையில் கிடந்தது. என் இடுப்பு உயரம். இறக்கைகளை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, மோட்டாரை அறைக்கு வெளியே வைத்து, காற்று உள்ளே ஊதும்படி மாட்டினேன். விசிறியின் கூட்டைக் கழற்றிப் பார்க்கவில்லை. இந்த ஊரில் பிறந்தவன் செய்யக்கூடாத தவறு அது. சலிக்கிற அறையில் எவ்வளவு தேயிலைத் தூசி பஞ்சாகப் பறக்கும் என்று தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும்.

அன்று பகலே வேன் முழுவதையும் அடித்து முடித்தேன். மூடுபனி வெளியே நின்றது. நீலம் நீலமாகவே இருந்தது. காயட்டும் என்று விசிறியைப் போட்டேன். கூட்டுக்குள் வருஷக்கணக்காக அடைந்திருந்த பழுப்புப் பஞ்சு ஒரே மூச்சில் உள்ளே வந்து, ஈரப் பெயிண்டில் கூரையிலிருந்து சக்கரம் வரை ஒட்டியது. சுவிட்சை அணைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றாமல் நின்றேன். சிவலிங்கம் விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

"டஸ்ட் நல்ல கிரேடு பாஸ். வேன் எங்க?"

கீழ் லயம்

சனிக்கிழமை முழுவதும் தண்ணீர் ஊற்றித் தேய்த்தோம். விசிறியைக் கழற்றிச் சுத்தம் செய்து, இந்த முறை காற்றை வெளியே இழுக்கும்படி திருப்பி மாட்டினேன். ஞாயிறு நல்ல வெயில். இரண்டு கோட் பெயிண்ட் அடித்தேன். ஒரு தூசு இல்லை. பெயிண்ட் புகை பின்பக்கம் போய்க்கொண்டேயிருந்தது. எங்கே போகிறது என்று நான் கேட்கவில்லை.

கொட்டகைக்குப் பின்னால் சரிவு. சரிவுக்குக் கீழே தோட்டத்து ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயம். திங்கள் பள்ளிக்கூடம் திறப்பதால் லயம் முழுக்க வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கவுணும் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. லயத்துப் புஷ்பம் அக்கா, தன் மகளுடைய கவுணைக் கையில் பிடித்தபடி மேலே ஏறி வந்தார். ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் பொடிப் புள்ளியாக இளநீலம். அப்படி ஒன்பது உடுப்பு கிடப்பதாகச் சொன்னார். அத்தனையும் சிவலிங்கத்தின் வேனில் போகிற பிள்ளைகளுடையவை. சிவலிங்கம் கவுணைப் பார்த்தார், வேனைப் பார்த்தார், பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார். அக்கா என்னிடம் கேட்டார்:

"வேனும் பிள்ளையும் ஒரே நெறத்துல போவணும்னு யாரு தம்பி சொன்னது?"

திங்கள் காலை

ஞாயிறு சாயந்தரம் வரை மூன்று பேரும் உட்கார்ந்து தின்னரில் பஞ்சை நனைத்து ஒன்பது உடுப்பையும் புள்ளி புள்ளியாகத் துடைத்தோம். புள்ளி போனது. தின்னர் வாடை போகவில்லை. இரண்டு தரம் துவைத்து அடுப்புக்கு மேலே காயவைத்தும் போகவில்லை.

காலையில் சிவலிங்கம் லயத்தடியில் வேனை நிறுத்தி ஹோர்ன் அடித்தார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வேன் பளபளவென்று இருந்தது. பெயிண்ட் வாடையில் உள்ளே மூச்சுவிட முடியவில்லை. யாரும் வரவில்லை. இரண்டாவது தரம் அடித்தார். ரோட்டில் வேறு ஒரு வேன் வேகத்தைக் குறைத்து, பார்த்துவிட்டுப் போனது. சிவலிங்கம் ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை. பிறகு புஷ்பம் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். கண்ணாடி எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, அக்கா மகளை ஏற்றினார். சிவலிங்கம் நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் அக்கா சொன்னார்:

"வேற வேன்ல ஏத்துனா இந்த நாத்தத்துக்கு வழியிலயே எறக்கி விட்டுருவாங்க. ஒங்க வேன்லதான் வித்தியாசம் தெரியாது."

குறைந்த செலவில் பெயிண்ட் அறை கட்டுவது எப்படி என்று இப்போது யாராவது கேட்டால், பாலித்தீன் வாங்குவதற்கு முன்னால் ஒரு தரம் கீழே இறங்கிப்போய்க் கொடியில் என்ன காய்கிறது என்று பார்த்துவிட்டு வரச் சொல்கிறேன்.