மூன்று சிவப்புத் துணி வட்டங்கள்

தஞ்சாவூரில் பேண்டு வாத்தியங்களைப் பழுது பார்ப்பவரின் மேசையில் என் மாமனாரின் கார்னெட் பிரிந்து கிடந்தது. எங்கள் மாதா கோயில் பேண்டுக்குக் கொடுத்துவிடலாம், ஊதும் நிலையில் இருக்கிறதா பார்ப்போம் என்றுதான் கொண்டு போயிருந்தேன். அவர் விரலால் அழுத்தி ஊதும் மூன்று பிஸ்டன்களில் ஒன்றை உருவி, அதன் கழுத்தில் மாட்டியிருந்த சிவப்புத் துணி வட்டத்தைக் காட்டி, "இது யாரு போட்டதும்மா?" என்றார். நான்தான் போட்டேன். இருபது வருஷம் இருக்கும்.

மாமா கீழ்வேளூரில் அரிசி மில்லில் வேலை பார்த்தவர். ஞாயிறு பூசையிலும் சாவு ஊர்வலங்களிலும் கார்னெட் ஊதுவார். ட்ரம்பெட்டைவிடக் குட்டையான வாத்தியம். வாய் வைக்கும் இடத்தில் பென்சில் பருமனில் இருக்கும் குழாய், சுற்றிச் சுற்றி வரும்போதே கொஞ்சம் கொஞ்சமாக அகன்று புனலாக விரியும். அதனால்தான் சத்தம் காதைக் குத்தாமல் குழைவாக வருகிறது என்று பெருமையடித்துக்கொள்வார். அத்தை படுத்த படுக்கையான பிறகு அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "என்னை எடுத்துட்டுப் போறப்ப நீங்கதான் ஊதணும். வேற ஆளை விட்டுடாதீங்க."

அந்த வருஷம் ஈஸ்டருக்கு முன்னால், வீட்டுப் பித்தளையெல்லாம் புளி போட்டுத் தேய்த்த கையோடு கார்னெட்டையும் எடுத்தேன். மருமகளாக வந்த புதிது. நல்ல பெயர் வாங்கும் ஆசை. பிஸ்டன்களின் கழுத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்துப்போய் மூன்று தக்கை வளையங்கள் இருந்தன. அழுக்கு என்று சுரண்டி எறிந்துவிட்டு, பழைய கம்பளியில் வட்டமாக வெட்டி, இரண்டிரண்டாக வைத்துத் தைத்துப் போட்டேன். மாமா பார்த்துவிட்டு, "இதுக்கும் சட்டை தைச்சுட்டியாம்மா?" என்று சிரித்தார்.

ஈஸ்டர் பூசையில் சத்தம் எழும்பவில்லை. ஜலதோஷம் பிடித்த குரல்போல அடைத்துக்கொண்டு வந்தது. கழுத்து நரம்பு புடைக்க ஊதினார். வீட்டுக்கு வந்து, "தவிட்டுத் தூசி நெஞ்சைத் தின்னுடுச்சும்மா. இனிமே நம்மால ஆகாது" என்றார். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டும் வரவில்லை. ஆடியில் அத்தை போய்ச் சேர்ந்தார். மாமா கல்லறை வரை கார்னெட்டை அணைத்தபடியே நடந்தார். ஒருமுறைகூட வாயில் வைக்கவில்லை. வேறு ஒருவர்தான் ஊதினார். அதன்பிறகு ஏழு வருஷம், சத்தமாகப் பேசாமல், மாடிப்படி ஏறாமல், இருக்கிற மூச்சைப் பத்திரப்படுத்துகிறவர்போல வாழ்ந்துவிட்டுப் போனார். நானும் பாவம் என்று கஞ்சி வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த அடைத்த சத்தம் மில் பக்கம் போனால் இன்றும் எனக்குக் கேட்கும்.

பழுது பார்ப்பவர் பொறுமையாகச் சொன்னார். பிஸ்டனில் இருக்கும் துளையும் குழாயின் துளையும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். அப்படி நிறுத்துவது அந்தத் தக்கையின் கனம்தான். "துணி தடிப்பா இருந்து பிஸ்டனைக் கீழே தள்ளிடுச்சு. மதகை முழுசாத் தூக்கலேன்னா வாய்க்கால்ல எவ்வளவு தண்ணி வரும்? அந்தக் கதைதான்."

அவர் மெல்லிய தக்கைகளை வெட்டிப் போட்டு, பிஸ்டன்களை மாட்டி ஊதினார். மாமாவின் சத்தம். என்னையறியாமல் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"அந்தத் துணியோட யாராச்சும் ஊதினாங்களா?" என்று கேட்டார்.

ஒரு பூசை முழுக்க ஊதினார் என்றேன்.

"முழுப் பூசையா? நான்லாம் ரெண்டு வரி தாண்டியிருக்க மாட்டேன். அவருக்கு நல்ல நெஞ்சும்மா" என்றார்.