ஏழுக்கு மேல் கிடையாது

தட்டில் சாம்பார் விழுந்த மறுநொடி பியாட்ரிஸ் கேட்டுவிடுவாள்: “ஒண்ணுலேர்ந்து ஏழு வரைக்கும், காரம் எவ்ளோ?” நாலு என்று சொன்னால் முறைப்பாள். நடுவில் இருக்கும் எண் சோம்பேறிகளின் பதில் என்பது அவள் கட்சி. ஒருமுறை நாக்கு எரிந்து எட்டு என்று கத்திவிட்டேன். தண்ணீர்ச் சொம்பை என் பக்கம் நகர்த்தியபடி, “ஏழுக்கு மேல கிடையாது விஜி. கேள்விக்குள்ள நில்லு,” என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர், இவளுக்குக் கேள்வியின் எல்லை.

அபிராமபுரத்தில் எங்கள் இருவருக்கும் எதிரெதிர் ஃபிளாட். சாந்தோம் சர்ச்சுப் பங்கைச் சேர்ந்த ஆசிரியர் குடும்பம் அவளுடையது. ஐம்பதைத் தாண்டியாயிற்று, கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டாள். அடையாறில் ஒரு மனோதத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. அங்கே இருக்கும் பேராசிரியர்களுக்கு மனித மனத்தைப் பற்றி ஏதாவது சந்தேகம் வந்துகொண்டே இருக்கும். அதைப் பரிசோதனையாக்கிக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருவது பியாட்ரிஸின் பொறுப்பு. அதற்கென்றே ஒரு மென்பொருள் இருக்கிறது. திரையில் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு பக்கம். ஒன்றில் கேள்வி, ஒன்றில் படம், ஒன்றில் பார்ப்பதற்குள் மறைந்துபோகும் ஒரு வார்த்தை. இழுத்து வரிசையாகக் கோத்தால் பரிசோதனை தயார். யாருக்கு எந்தப் பக்கம் போகவேண்டும் என்று மென்பொருளே சீட்டுக் குலுக்கிப் போடவும் செய்யும்.

இந்த வேலை அவளை நிம்மதியாக ஒரு ஓட்டலில் உட்கார விடாது. பில்லோடு வரும் சீட்டில் ‘உணவும் சேவையும் எப்படி இருந்தன?’ என்று இருந்தால் தொலைந்தது. இரண்டு கேள்வியை ஒரே கட்டத்தில் போட்டால் நான் எதற்குப் பதில் சொல்வது என்று சர்வரைப் பிடித்துக்கொள்வாள். தி. நகர் புடவைக் கடையில் சிரிக்கிற முகம், அழுகிற முகம் என்று பொத்தான் வைத்த பலகையை நீட்டிய பெண்ணிடம், நீ பக்கத்தில் நின்றுகொண்டிருந்தால் எவள் அழுகிற முகத்தை அமுக்குவாள் என்று கேட்டாள். பங்குத் தந்தையும் தப்பவில்லை. அவர் பங்கு மக்களுக்குக் கொடுத்த கேள்வித்தாளைப் பார்த்துவிட்டு, தினமும் ஜெபிக்கிறீர்களா என்று சர்ச்சு வாசலில் வைத்துக் கேட்டால் யார் ஃபாதர் இல்லையென்று எழுதுவார்கள் என்றாளாம். அவர் அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டார்.

இவ்வளவு கறாரானவள் சம்பளம் வாங்கிக்கொண்டு பொய்யும் சொல்வாள். சில பரிசோதனைகளுக்குப் பொய் தேவைப்படும். போன வருடக் கடைசியில் வந்தது அப்படி ஒன்று. மனம் சோர்ந்தால் ஞாபகசக்தி குறைகிறதா என்று பார்க்க வேண்டும். முதலில் சில வார்த்தைகளைக் காட்டி, நினைவில் நின்றதை எழுதச் சொல்வார்கள். எப்படி எழுதினாலும் சரி, சீட்டுக் குலுக்கலில் பாதிப் பேருக்கு ‘உங்கள் வயதினரின் சராசரியைவிடக் குறைவு’ என்று வரும், மீதிப் பேருக்கு ‘அதிகம்’. அப்புறம் இரண்டாவது சோதனை. எல்லாம் முடிந்து கடைசிப் பக்கத்தில், நாங்கள் சொன்ன முடிவு பொய், மன்னிக்கவும் என்று உண்மையை உடைத்துவிட வேண்டும். சர்ச்சில் ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பதுபோல என்று பியாட்ரிஸ் அதற்கு வைத்திருக்கும் பெயர் பாவசங்கீர்த்தனப் பக்கம். “அது இருக்கறவரைக்கும் என் கை சுத்தம்,” என்பாள்.

சனிக்கிழமை காலையில் அவள் ஸ்கூட்டரில் இரண்டு பேரும் கடற்கரைக்குப் போவோம். திரும்பும்போது நொச்சிக்குப்பத்தில் ஜலஜாவிடம் மீன் வாங்குவாள். மீன் சாப்பிடாத நான் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு தள்ளி நிற்பேன். அங்கேயும் அதே கேள்விதான்: வஞ்சிரம் ஒன்றிலிருந்து ஏழு வரை எவ்வளவு புதுசு? ஜலஜா கூசாமல் ஆறு என்பாள். “ஏழு சொன்னா நீ நம்பமாட்டக்கா.” எட்டாவதோடு நின்ற ஜலஜா, மயிலாப்பூரில் சாயங்கால வகுப்புக்குப் போய்ப் பத்தாவதைத் தனியாக எழுதப் படித்துக்கொண்டிருந்தாள். அந்த ஞாபகசக்திப் பரிசோதனை ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் ஒன்று என்று இருந்தது. தமிழில் எழுத ஆட்கள் வேண்டியிருந்தபோது அவளை நிலையத்துக்கு அழைத்துப்போனது பியாட்ரிஸ்தான். எங்கள் வாட்ச்மேன் அய்யாதுரையையும் தையல்கார ஜமீலுன்னிசாவையும்கூட அப்படித்தான் பிடித்துப்போனாள்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை. ஜலஜா மீன்மேல் எதையோ வீசி ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். பார்த்தால், பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் கிழிந்த அட்டை. பரீட்சைக்குப் பணம் கட்டியாயிற்றா என்று பியாட்ரிஸ் கேட்டாள். வருகிற வெள்ளிக்கிழமை கடைசி நாளாம், கட்டப்போவதில்லையாம்.

“உன் கம்ப்யூட்டரே சொல்லிச்சேக்கா, என் வயசு ஜனத்துக்குக் கீழதான் கீது என் ஞாபகம்னு. அப்பால இன்னாத்துக்கு வீணா கட்டணும்?”

கடைசிப் பக்கத்தைப் படிக்கவில்லையா என்று பியாட்ரிஸ் கேட்டாள். ‘நன்றி’ என்று வந்தது, காபி கொடுத்தார்கள், வந்துவிட்டேன் என்றாள் ஜலஜா. பியாட்ரிஸ் மீன் வாங்கவில்லை. லஸ் திருப்பத்தில் ஸ்கூட்டரை ஓரங்கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் தமிழ்ப் பரிசோதனையைத் திறந்து முதலிலிருந்து ஓட்டினாள். இரண்டாவது சோதனை முடிந்தது. நேராக ‘நன்றி’. பாவசங்கீர்த்தனப் பக்கத்தை ஆங்கிலத்தில் கோத்தவள் தமிழில் கோக்கவில்லை. ஆங்கிலத்தைக் கடைசிவரை எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறாள். தமிழில் எழுத்து உடையாமல் தெரிகிறதா என்று முதல் சில பக்கங்களைப் பார்த்ததோடு சரி.

“நம்ம பாஷைதானேன்னு விட்டுட்டேன் விஜி,” என்றாள். எனக்கே எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அவளுடைய மேலதிகாரி அனந்தராமன், தமிழில் எழுதிய எல்லாருக்கும் ஒரு எஸ்.எம்.எஸ். தட்டிவிட்டால் போதும் என்றாராம். ஞாயிற்றுக்கிழமை பூசையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவள் நற்கருணை வாங்க எழுந்திருக்கவில்லை. ஃபாதரிடமாவது சொல்லேன் என்றேன். அவரையா நான் முட்டாள் என்று சொன்னேன், சொல்லவேண்டியது ஜலஜாவிடம் என்றாள். திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகத் தேடிப் போனாள். அய்யாதுரை சிரித்தார், அவருக்கு ‘அதிகம்’ என்று வந்திருந்தது, அது பொய் என்றதும்தான் முகம் சுண்டியது. ஜமீலுன்னிசா கையைப் பிடித்துக்கொண்டு பரவாயில்லை என்றாள். பியாட்ரிஸுக்கு அந்தப் பரவாயில்லைதான் தாங்கவில்லை.

ஜலஜா நம்பவே இல்லை. “என் மனசு நோவக் கூடாதுன்னு சொல்ற. நீ சொல்லுவ, நல்லவ. மிஷினு எதுக்குப் பொய் சொல்லப்போவுது?”

புதன்கிழமை பியாட்ரிஸ் மறுபடி அவளிடம் போகக் கிளம்பினாள், இந்தத் தடவை போனில் அந்தப் பரிசோதனையோடு. நானும் போனேன். கிளம்புமுன் எனக்குத் தெரிந்த யோசனையைச் சொன்னேன். “ஏண்டி, நீ எல்லாத்தையும் சரியா எழுதினாலும் குறைவுன்னே வர மாதிரி மாத்தி வெச்சுண்டு போயேன். பார்த்தா நம்பிடுவா.” ஒரு நிமிஷ வேலைதான். “அவகிட்ட இன்னொரு பொய்யா?” என்று ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

பியாட்ரிஸ் ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்து, ஜலஜா பார்க்க, வார்த்தைகளை ஒன்று விடாமல் எழுதினாள். ‘அதிகம்’ என்று வந்தது. ஜலஜா உதட்டைப் பிதுக்கி, படித்தவர்களுக்கு நல்லபடியாகத்தான் சொல்கிறது என்றாள். எனக்கு அந்தப் போனைக் கடலில் வீசலாம்போல் இருந்தது. பியாட்ரிஸ் மறுபடி தொடங்கினாள். இந்தத் தடவை ஒரு வார்த்தைகூட எழுதாமல் அடுத்த பக்கம், அடுத்த பக்கம் என்று தட்டிக்கொண்டே போனாள். அதற்கும் ‘அதிகம்’.

ஜலஜாவின் கையிலிருந்த கத்தி நின்றது. “ஒண்ணுமே எழுதல நீ. இன்னாத்துக்கு அதிகம்னுது?”

“சீட்டுக் குலுக்கிப் போடுது ஜலஜா. நீ எழுதினதை அது பாக்கவே இல்ல.”

பிறகு, புதிதாகக் கோத்த கடைசிப் பக்கத்துக்கு வந்து, மீன்காரப் பெண்கள் சுற்றி நிற்க, உரக்கப் படித்தாள்: “நீங்கள் பார்த்த முடிவு உண்மையல்ல. உங்கள் நினைவாற்றலுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. உங்களிடம் பொய் சொன்னோம். மன்னிக்கவும்.”

“இது அன்னிக்கு ஏன் வரல?”

“நான் வைக்கல.”

“இங்கிலீசுல எழுதினவங்களுக்கு?”

“வந்துச்சு.”

ஜலஜா கத்தியைக் கீழே வைத்தாள். ஈ ஓட்டுகிற அட்டையை எடுத்தாள். அதிலிருந்த செதிலைப் புடவையில் துடைத்தாள். வீட்டில் மீதிப் புத்தகம் இருக்கிறதா, பிள்ளை எடைக்குப் போட்டுவிட்டானா என்று தனக்குள் முனகியபடி அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அப்புறம்தான் நிமிர்ந்து பியாட்ரிஸைப் பார்த்தாள்.

“என்னாண்ட எம்மாந் தபா கேட்டுக்கீற. இப்ப நான் கேக்கறேன். ஒண்ணுலேந்து ஏழு வரைக்கும், எவ்ளோ வெக்கமா கீது உனுக்கு?”

பியாட்ரிஸ் போனை என்னிடம் கொடுத்தாள். கைப்பையைத் தோளிலிருந்து இறக்கி ஈரத்தரையில் வைத்தாள். இரண்டு கைகளையும் ஜலஜாவின் முன் நீட்டி, பத்து விரலையும் விரித்தாள்.