ஒரு பக்கம் முடியும் வரை

கொக்கியில் பாரம் தொங்கும்போது புத்தகத்தைத் தொடுவதில்லை என்று அவர் தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தார். குடிகாரர்கள் போட்டுக்கொள்வார்களே, அந்த மாதிரிச் சட்டம்தான். ஆனால் இவர் அதைப் பல வருஷம் மீறாமல் காப்பாற்றினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரே ஒரு நாள்தான் மீறினார்.

பெரிய கட்டடம் எழும்பும் இடத்தில் நடுவே நெட்டையாக நிற்குமே, அந்தக் கிரேனை ஓட்டுகிறவர் அவர். காலையில் ஏணியில் ஏறினால் சாயங்காலம்தான் தரையில் கால் வைப்பார். மேலே ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் ஒரு இருக்கை, இரண்டு கைப்பிடிகள், தண்ணீர் பாட்டில், அவசரத்துக்கு ஒரு காலி பாட்டில். மற்ற ஆபரேட்டர்களுக்கு அந்தத் தனிமையில் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கும். இவருக்கு அந்தத் தனிமைக்காகவே வேலை பிடித்திருந்தது. கான்கிரீட் லாரி வரத் தாமதமானால் மேலே ஆபரேட்டருக்கு ஒரு வேலையும் கிடையாது. "என்ன படிக்கிறீங்க? இந்த வயசுல பரீட்சையா எழுதப் போறீங்க?" என்று மூக்கை நுழைக்கிற ஆள் எவரும் அந்த ஏணியில் ஏறி வரப்போவதில்லை. கீழே இருந்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் மேல்வீட்டுக்காரர்.

படிக்கிறவர்களுக்கு இருக்கும் கிறுக்கெல்லாம் அவருக்கும் உண்டு, கொஞ்சம் தூக்கலாகவே. பையில் எப்போதும் இரண்டு புத்தகம் இருக்க வேண்டும். கையிலிருப்பது பாதி வழியில் முடிந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அப்படியும் ஒரு தடவை இரண்டும் முடிந்து, கூண்டில் மாட்டியிருந்த தீயணைக்கும் கருவியின் மேல் எழுதியிருந்ததை முழுக்க மனப்பாடம் செய்துவிட்டு இறங்கினார். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போவதெல்லாம் கணக்கிலேயே இல்லை. பக்கத்து இருக்கைக்காரர் படிப்பதை எட்டிப் பார்த்து, அவர் பக்கத்தைத் திருப்பும்போது "கொஞ்சம் இருங்க சார்" என்று சொல்லி வசவு வாங்கியிருக்கிறார். "எங்க வீட்டுக்கு முதல் தடவை வந்தப்ப இவர் என்னைப் பாக்கல, எங்கப்பாவோட அலமாரியைத்தான் பாத்தாரு" என்று மனைவி எல்லோரிடமும் குறைப்பட்டுக்கொள்வாள். வேறு யாராவது அதையே சொல்லிச் சிரித்தால் மட்டும் அவளுக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

அவருக்குத் தரையில் கண்ணாக இருந்தவன் மனைவியின் தம்பி. கிரேன்காரர் உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் பாரம் எங்கே இறங்குகிறது, அதன் கீழே யார் நிற்கிறார்கள் என்று சரியாகத் தெரியாது. கீழே ஒருவன் நின்று வாக்கி டாக்கியில் "இடது பக்கம், மெதுவா, போதும்" என்று சொல்லச் சொல்ல இவர் கைப்பிடியை அசைப்பார். மச்சினனை இந்த வேலைக்குக் கொண்டுவந்ததே இவர்தான். முதல் நாளே மாமனார், "அவனை உங்க கையில ஒப்படைக்கிறேன்" என்று சொல்லி அனுப்பினார். அந்த வார்த்தை அவர் மனத்தில் இருந்துகொண்டே இருந்தது. காற்று பலமாக அடிக்கும் நாளில் பொறியாளரே தூக்கச் சொன்னாலும், மச்சினன் தலையாட்டாமல் அவர் தூக்கமாட்டார்.

வாக்கி டாக்கியில் கதை படிப்பது வெல்டரால் தொடங்கியது. வெல்டருக்கு ஒரு காது மந்தம், எழுத்தும் அவ்வளவாகப் படிக்க வராது. ஒரு சாப்பாட்டு வேளையில் அவர்தான் மச்சினனிடமிருந்து வாக்கி டாக்கியைப் பிடுங்கி, "மேல்வீட்டுக்காரரே, நீங்க மட்டும் படிச்சா எப்படி? எங்களுக்கும் கொஞ்சம் படிங்களேன்" என்றார். விளையாட்டுக்குத்தான் கேட்டார். இவரும் விளையாட்டாக ஒரு பக்கம் படித்தார். மறுநாள் கம்பி வெட்டுகிற ஆட்கள் எல்லோரும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து, தங்களிடம் இருந்த இன்னொரு வாக்கி டாக்கியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். அதற்கப்புறம் சாப்பாட்டு வேளை என்றால் கதை வேளை. இவருக்கா கசக்கும்? தான் படித்ததைப் பங்குபோட ஆள் கிடைக்காமல் வாழ்நாள் முழுக்கத் தவித்த மனிதர். பாத்திரத்துக்கு ஒரு குரலாக, மூச்சு வாங்க வாங்கப் படித்தார்.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. வாக்கி டாக்கியில் பேசுகிறவர் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் பேச வேண்டும். அழுத்திய விரலை எடுக்கும் வரை வேறு யார் குரலும் அவர் காதில் விழாது. ஒரு கையில் புத்தகம், இன்னொரு கையில் வாக்கி டாக்கி. பக்கத்தைத் திருப்ப வேண்டும் என்றால் வாக்கி டாக்கியை மடியில் வைத்தாக வேண்டும். அந்த இடைவெளியில்தான் கீழே இருப்பவர்கள் "அய்யோ, அப்புறம்?" என்று கத்துவார்கள். சாப்பாட்டு வேளையில் கொக்கி காலியாகத் தொங்கும், யார் என்ன கத்தினால் என்ன? யாருக்கும் அதில் ஒரு ஆபத்தும் தெரியவில்லை.

அன்றைக்கு ஒரு கொலைக் கதையின் கடைசி அத்தியாயம். முந்தின நாள் கொலையாளி கதவைத் திறக்கிற இடத்தில் சாப்பாட்டு வேளை முடிந்துபோனது. வெல்டர் ராத்திரி தூங்கவில்லையாம். காலையில் வந்ததும் வராததுமாக, "யாருன்னு மட்டும் சொல்லிடுங்க, நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று கெஞ்சினார். அதெல்லாம் நடக்காது என்றார் இவர். இவரும் இன்னும் படித்திருக்கவில்லை. இவர்களோடு சேர்ந்தே படிக்க வேண்டும் என்று வீட்டில் அந்தப் புத்தகத்தை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அவர் மனைவி அதை நம்பவே இல்லை.

சாப்பாட்டு வேளைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கட்டு இரும்புக் கம்பியைத் தூக்கச் சொன்னார்கள். இரண்டு பெல்ட் போட்டுக் கட்டியிருந்தார்கள். மச்சினன் ஆட்களை விலக்கிவிட்டுக் கை காட்டினான். கட்டு மேலே வந்தது. இறக்க வேண்டிய தளத்தில் பலகை அடித்து முடியவில்லை, கொஞ்சம் பொறுங்கள் என்று பொறியாளர் அம்மா சொன்னார். இவர் கட்டடத்துக்கு வெளியே, வெறும் தரைக்கு மேலே பாரத்தை நிறுத்தினார். பொறுத்தார். இன்னும் பலகை அடிக்கிற சத்தம்தான் கேட்டது.

"மாமா, எல்லாரும் சாப்பிட வந்துட்டாங்க. உங்களைத்தான் கேக்கறாங்க" என்றான் மச்சினன்.

"பாரம் தொங்குதே மாப்ள."

வெல்டரின் குரல் குறுக்கே வந்தது. "அது பாட்டுக்குத் தொங்கட்டும்ங்க. கதவைத் திறந்தது யாரு? ஒரே ஒரு பக்கம்."

அவர் இருக்கைக்கடியில் கையை விட்டார். அந்த ஒரு நொடியைப் பற்றி அவர் பிற்பாடு எவ்வளவோ யோசித்துப் பார்த்தார். தன்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பதுதான் ஒவ்வொரு தடவையும் கடைசியில் மிஞ்சியது. வெல்டர் கேட்டதால் எடுத்தேன் என்பது பொய். அவருக்கே ஆசை தாங்கவில்லை.

பொத்தானை அழுத்திப் படிக்கத் தொடங்கினார். பொடி எழுத்தில் நெருக்கி அச்சடித்த புத்தகம். கதவு திறக்கிறது. விளக்கு இல்லை. உள்ளே இருப்பவள் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். அவர் குரலைத் தாழ்த்தினார், நிறுத்தி நிறுத்திப் படித்தார், கீழே எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தபோது அவருக்கே மயிர்க்கூச்செறிந்தது. வெளியே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எதுவும் அவர் கண்ணில் படவில்லை. பக்கத்தின் கடைசி வரியைப் படித்துவிட்டு, திருப்புவதற்காக விரலை எடுத்தார்.

"புத்தகத்தப் போடு! பெல்ட் நழுவுது! போடு மாமா!"

மச்சினன் அவரை அப்படிப் பேசியதே இல்லை. குரல் கம்மிப் போயிருந்தது. அவர் நிமிர்ந்தார்.

கட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஒரு பெல்ட் நடுவுக்கு வந்துவிட்டது, சாய்ந்த முனையில் கம்பிகள் விரல் விரலாக நீண்டுகொண்டிருந்தன. அதற்கு நேர் கீழே மஞ்சள் தலைக்கவசங்கள் வட்டமாகக் கூடியிருந்தன. கட்டடத்தின் நிழல் அங்கேதான் விழுகிறது, கதை தொடங்கிய பிறகு வாக்கி டாக்கியோடு அங்கே நகர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்திலேயே கம்பி வெட்டும் இயந்திரத்தை யாரோ நிறுத்தாமல் விட்டிருந்ததால் மச்சினன் போட்ட கூச்சல் அவர்களுக்குக் கேட்கவில்லை. கதை மட்டும் கேட்டிருக்கிறது. அவர் பொத்தானை அழுத்தினார்.

"மாப்ள, நான் என்ன செய்யட்டும்? திருப்பட்டுமா, இறக்கட்டுமா?"

"எதையும் அசைக்காத. அப்படியே புடி. நான் உள்ள போறேன்."

"நீ போகாதடா!"

 மச்சினனின் வெள்ளைத் தலைக்கவசம் மஞ்சள் வட்டத்தை நோக்கி ஓடுவது தெரிந்தது. அவர் கைப்பிடிகளைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எதையும் அசைக்காமல் பிடிப்பது எப்படி என்று எந்தப் புத்தகத்திலும் அவர் படித்ததில்லை. கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்துவிட்டுத் தொடைக்குக் கீழே செருகிக்கொண்டார். காற்று மட்டும் அடிக்க வேண்டாம், காற்று மட்டும் அடிக்க வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தார். மஞ்சள் வட்டம் உடைந்து நாலா பக்கமும் சிதறியது. ஒரே ஒரு மஞ்சள் மட்டும் அசையவில்லை. வெல்டர். கண்ணை மூடிக்கொண்டு, வாக்கி டாக்கியை நல்ல காதில் அழுத்திக்கொண்டு, மச்சினன் கத்தியதையும் கதை என்றே நினைத்து, அடுத்த பக்கத்துக்காகக் காத்திருக்கிறார். வெளியே வந்துவிட்ட வெள்ளைத் தலைக்கவசம் திரும்பவும் உள்ளே போனது.

கம்பிகள் சரிந்தன. சத்தம் மேலே வருவதற்கு முன்னால் புழுதி எழும்பிவிட்டது.

"மாப்ள" என்று கூப்பிட்டார். விரலை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். மறுபடி கூப்பிட்டார், மறுபடி விரலை எடுத்தார். வாக்கி டாக்கி கம்மென்று கிடந்தது.

உடனே இறங்கி ஓடவும் வழியில்லை. மிச்சக் கம்பிகள் ஒற்றை பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றை விட்டுவிட்டு இறங்கினால் கீழே உதவிக்கு வருகிறவர்கள் தலையில் விழும். வழிகாட்டும் குரல் இல்லாமல், கண்ணை மறைக்கும் கண்ணீரோடு, அவர் கிரேனின் கையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி மணல் குவித்திருந்த பக்கம் கொண்டுபோனார். இறக்கினார். அப்புறம் ஏணி. ஒவ்வொரு படியிலும் தன் மனைவியின் முகம் வந்தது. அவளிடம் என்ன சொல்வது? ஏணியின் பாதியில், இப்படியே உட்கார்ந்துவிட்டால் கீழே என்ன ஆனது என்று தெரியாமலே இருந்துவிடலாமே என்றுகூடத் தோன்றியது. வெட்கமாக இருந்தது. இறங்கினார்.

கீழே மச்சினன் இல்லை. வெல்டர் தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார், உடம்பில் ஒரு கீறல் இல்லை.

"இருக்கானா?" என்று இவர் கேட்டார்.

"என்னைத் தள்ளி விட்டுட்டு அவன் மாட்டிக்கிட்டான். வண்டியில கொண்டு போயிட்டாங்க. எனக்கு ஒண்ணும் தெரியலங்க."

ஆஸ்பத்திரி வராந்தாவில் மனைவி அவர் தோளில் சாய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்குள் வேலையிடத்தில் எல்லோரும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். மச்சினனின் வாக்கி டாக்கியில் சார்ஜ் தீர்ந்துவிட்டதாம், அதனால்தான் தகவல் மேலே போகவில்லை. அவரைக் கேட்காமலே சொல்லிவிட்டார்கள். அன்பினால்தான் சொன்னார்கள், அந்தக் கதை நின்றுவிடக்கூடாது என்ற சுயநலமும் கொஞ்சம் இருந்திருக்கலாம். மனைவிக்கும் அதைத்தான் சொல்லியிருந்தார்கள். "பாழாப்போன பேட்டரி" என்று அவள் திட்டிக்கொண்டே இருந்தாள். அவர் வாயைத் திறக்கவில்லை.

உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் வெளியே வந்து சொன்னார். காலைக் காப்பாற்றியாகிவிட்டது, ஆனால் முழங்கால் இனி மடங்காது. மனைவி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் மச்சினன் கண் விழித்தபோது பொறியாளர் அம்மா கட்டிலருகே வந்து நின்றார். "சார்ஜ் இல்லைன்னு சொல்றாங்களே, காலையில சார்ஜ் போட வேண்டியது உங்க பொறுப்புதானே?" என்று கேட்டார். மச்சினன் மாமாவைப் பார்த்தான். அக்காவையும் பார்த்தான்.

"ஆமாங்க மேடம். நான்தான் மறந்துட்டேன்."

பொறியாளர் அம்மா தலையை ஆட்டிவிட்டு வெளியே போனார். அக்கா அவரை வழியனுப்பப் பின்னாலேயே போனாள். அறையில் இவர்கள் இரண்டு பேர் மட்டும்.

"எதுக்குடா அப்படிச் சொன்ன?"

மச்சினன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தான். அவன் கோபப்பட்டிருந்தால் இவர் தாங்கியிருப்பார்.

"பக்கம் எப்ப முடியும், பக்கம் எப்ப முடியும்னு கத்திக்கிட்டே இருந்தேன் மாமா. அது முடியவே இல்ல."

அவர் எழுந்தார். வராந்தாவின் கோடியில் பொறியாளர் அம்மா லிஃப்டுக்காக நின்றுகொண்டிருந்தார், பக்கத்தில் தன் மனைவி. அவர் கிட்டத்தட்ட ஓடினார்.

"மேடம், வாக்கி டாக்கியில சார்ஜ் இருந்துச்சு" என்றார். மனைவிக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னார். "பொத்தானை அழுத்திப் புடிச்சிருந்தது நான். கதை படிச்சிட்டிருந்தேன்."

லிஃப்ட் வந்து திறந்தது. யாரும் அதில் ஏறவில்லை. மனைவி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.