வட்டம் தள்ளிய பத்துப் படங்கள்

அலுவலகத்தில் அவருக்கு வட்டம் என்று பெயர். உடம்பைப் பார்த்து வைத்ததல்ல, ஆள் ஒல்லிக்குச்சி. விண்வெளியில் இருக்கும் ஒரு தொலைநோக்கி அனுப்பும் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, நட்சத்திரங்கள் வட்டமாக இருந்தால் ‘சரி’ என்றும், கோடாக இழுபட்டிருந்தால் ‘தள்ளுபடி’ என்றும் அழுத்துவது அவர் வேலை. கோடு விழுந்தால் படம் எடுக்கும்போது தொலைநோக்கி ஆடிவிட்டது என்று அர்த்தம். கடையில் தள்ளுபடி போட்டால் கூட்டம் முண்டியடிக்கும். இவர் தள்ளுபடி போட்டால் எங்கோ ஓர் ஆய்வாளர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவார்.

அதற்கு முன் பதினான்கு வருடம் அச்சகத்தில் இருந்தவர். நான்கு வண்ணமும் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண். வீட்டில் காலண்டர் அரை விரல் சாய்ந்திருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. உங்களுக்குப் பதிலாகக் கொத்தனார் கையில் இருக்கும் ஒரு ரசமட்டத்தைக் கட்டிக்கொண்டிருக்கலாம் என்பாள் மனைவி. இந்த வேலைக்கு அவரை எடுத்ததே அந்தக் கண்ணுக்காகத்தான், ஒன்பது வருடமாக அது பிசகியதும் இல்லை.

பிறகுதான் இருக்கை மாறியது. சூரியக் குடும்பத்துப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் பிரசவ விடுப்பில் போனாள். போகும்போது மேசையில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தாள்: ‘கோடு இருந்தால் கவலைப்பட வேண்டாம்.’ அவளுடைய கணினித் திரையின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு பச்சைக் கோடு ஓடியது. பழைய திரை. கெட்டுப்போன திரைக்குக்கூடச் சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாளே, நல்ல பெண் என்று வட்டம் மெச்சிக்கொண்டார்.

திங்கட்கிழமை வந்த முதல் கோப்பு ஒரு சிறுகோளுடையது. சூரியனைச் சுற்றும் ஒரு கல், அவ்வளவுதான். கரியைவிடக் கறுப்பு என்பதால் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது, சாதாரணத் தொலைநோக்கிக்குச் சரியாகத் தட்டுப்படாது. ஆனால் வெயிலில் காய்ந்து சூட்டை வெளிவிடும். அந்தச் சூட்டைப் பார்ப்பது இந்த அகச்சிவப்புத் தொலைநோக்கி. மொத்தம் பதினொரு படங்கள். பத்தில் நட்சத்திரங்கள் எல்லாம் கோடு கோடாகக் கிடந்தன. ஒன்றில் மட்டும் அச்சடித்த மாதிரி வட்டம். அவர் அந்த ஒன்றுக்குச் ‘சரி’ போட்டார், பத்தையும் தள்ளினார், நிம்மதியாக டீ குடிக்கப் போனார்.

மூன்று மணிக்குத் தொலைபேசி அடித்தது. அந்தக் கல்லைப் படமெடுக்க இரண்டு வருடம் காத்திருந்த ஆய்வாளர் பேசினார். குரலைக் கேட்டால் வயதான பெண்மணி என்று தெரிந்தது.

“சார், நீங்க தள்ளின பத்தும் நல்ல படம். சரின்னு போட்டீங்களே, அந்த ஒண்ணுதான் கோளாறு.”

வட்டத்துக்குத் தலைகால் புரியவில்லை. ஆய்வாளர் பொறுமையாகச் சொன்னார். “கல்லு நகருது. தொலைநோக்கியும் அது கூடவே போகும். பஸ்ல எதிர்ல உக்காந்திருக்கறவர் முகம் தெளிவா தெரியும், வெளியில கம்பம் எல்லாம் கோடா ஓடும், இல்லையா? அதே மாதிரிதான். அந்த ஒரு படத்துல தொலைநோக்கி கல்லை விட்டுட்டு சும்மா நின்னுடுச்சு.”

“புரியுது மேடம்” என்றார் வட்டம். ஒரு மண்ணும் புரியவில்லை.

புரிந்தது இதுதான். முதல் பாதிப் படங்கள் தள்ளுபடியானால் இரண்டாம் பாதி தானாக ரத்தாகி, அந்த நேரம் வேறு யாருக்கோ போய்விடும். நாளைக்கான கட்டளைகள் இன்று ஐந்து மணிக்குத் தொலைநோக்கிக்குப் போகின்றன. கல் மெதுவாகச் சுழல்கிறது, பாதிதான் பார்த்தாகிவிட்டது. மறுபாதியும் தெரிந்தால்தான் அது எத்தனை பெரியது என்று சொல்ல முடியும். ஐந்து நாளில் அது சூரியன் பக்கம் போய்விடும், சூடு பட்டால் கெட்டுவிடும் என்பதால் தொலைநோக்கி அந்தப் பக்கம் திரும்பவே கூடாது.

“மறுபடி கிட்ட வர பதினாறு வருஷம் ஆகும். நான் மூணு வருஷத்துல ரிட்டயர் ஆயிடுவேன், சார்.”

அவர் கத்தியிருந்தால் வட்டம் பதிலுக்கு முறைத்துக்கொண்டிருப்பார். கத்தாததால் எழுந்துவிட்டார்.

ஓடினார் மேலாளரிடம். அந்த அம்மாள் தள்ளுபடியை ரத்து செய்யும் படிவம் ஒன்றை நீட்டி, காரணத்தை அவரே சொந்த வார்த்தையில் எழுத வேண்டும் என்றார். மேலிடத்தில் ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்லப்போவது வட்டம்தானாம். வட்டம் உட்கார்ந்து எழுதினார்: ‘நட்சத்திரங்கள் கோடாக இருப்பதால் அவை வட்டமாக உள்ளன.’ படித்ததும் அவருக்கே மயக்கம் வந்தது. கிழித்துப் போட்டார். அடுத்ததில் ‘தொலைநோக்கி ஆடியதால் ஆடவில்லை’ என்று வந்து நின்றது. அதையும் கிழித்தார். மணி நாலு நாற்பது.

தள்ளிய படம் ஒன்றைத் திரும்பத் திறந்து, மூக்கு திரையில் முட்டப் பார்த்தார். கோடுகளுக்கு நடுவில் ஒரு சின்னப் புள்ளி இம்மியும் ஆடாமல் இருந்தது. காலையில் அது கண்ணில் படவே இல்லை. பத்துப் படத்திலும் அது இருந்தது, சரியாக நடுவில். சரி போட்ட படத்தில் மட்டும் அது லேசாக இழுபட்டிருந்தது. அவருக்கு வெட்கமாகப் போயிற்று. படிவத்தில் எழுதினார்:

‘பார்க்க வேண்டியது கல்லை. நான் நட்சத்திரத்தைப் பார்த்தேன். தவறு என்னுடையது.’

மேலாளர் இரண்டு முறை படித்தார். கையெழுத்துப் போட்டார். கட்டளை ஐந்து மணிக்குள் போய்ச் சேர்ந்ததா, இல்லையா என்பது நாளைக்குப் படம் வந்தால்தான் தெரியும் என்றார்கள்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் வட்டம் சோதித்துப் பார்த்தார். எதிரில் இருந்தவர் முகத்தை உற்றுப் பார்த்தால் கம்பங்கள் ஓடின. வெளியே ஒரு கம்பத்தைக் கண்ணால் பிடித்துப் பார்த்தால் முகம் கலங்கியது. அப்படியானால் எது ஓடுகிறது, எது நிற்கிறது? மறுபடி முகத்தைப் பார்த்தார். என்னய்யா முறைக்கிறாய் என்று அந்த ஆள் சண்டைக்கு வந்துவிட்டார். மன்னிப்புக் கேட்டு நிமிர்ந்தபோது இறங்க வேண்டிய இடம் தாண்டி இரண்டு நிறுத்தம் ஆகியிருந்தது. நடந்து வந்து சேர்ந்தவரிடம் மனைவி ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டாள். அவர் காலண்டரைப் பார்த்தார். அது நேராக இருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்றும் அன்றைக்குச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் மதியம் வரை சாப்பிடவில்லை. மூன்றரைக்குக் கோப்பு வந்தது. அதே கல், இரண்டாம் பாதி. திறந்தார். விரல் தன்பாட்டுக்குத் தள்ளுபடிப் பக்கம் போயிற்று. அதை இழுத்துக்கொண்டு ஆய்வாளரை அழைத்தார்.

“வந்திருச்சு, மேடம்.”

“எப்படி சார் இருக்கு?”

“எல்லாமே கோடு, மேடம். ஒரு நட்சத்திரம்கூட வட்டமா இல்ல.”

“போதும் சார், ரொம்ப நல்லா வந்திருக்கு” என்று சொல்லிக்கொண்டே ஆய்வாளர் அழுவது கேட்டது.

“மன்னிச்சுக்குங்க, மேடம்” என்றார் வட்டம்.