முத்திருளாயியின் வலது கால்

“காலை மட்டும் எறக்கிருங்கம்மா. அம்புட்டுத்தான். வேற ஒண்ணும் வேணாம்.”

மதுரையை அடுத்த ஒத்தக்கடைக்குப் பக்கத்தில் புதிதாக முளைத்த செண்பக நகரின் குடியிருப்போர் சங்கச் செயலாளர் மலைச்சாமி, மின்விசிறியின் வேகத்தைக் குறைக்கச் சொல்வதுபோல இதைச் சொன்னார். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த சிற்பி தேவிகா சன்னல் வழியாக வெளியே பார்த்தாள். இன்னும் திறக்கப்படாத பூங்காவின் நடுவில் அவள் ஆறு மாதம் பாடுபட்டுச் செய்த சிலை இருந்தது. வெள்ளைப் பளிங்கில் ஓர் எருமை. அதன் முதுகில் மல்லாந்து படுத்துச் சிரிக்கும் ஒரு வெண்கலப் பெண். அந்தப் பெண் தன் வலது காலைத் தூக்கி இடது முழங்கால்மேல் போட்டிருந்தாள்.

“வெண்கலம் சார். எறங்காது. அறுக்கத்தான் முடியும்.”

“அப்ப அறுங்க.”

2002ஆம் ஆண்டு அது. வீட்டுக்கு வீடு கேபிள் வந்துவிட்டது, தெருமுனையில் இன்டர்நெட் கடை வந்துவிட்டது. ஒரு பெண் கால் மேல் கால் போடலாமா கூடாதா என்று முடிவு செய்ய ஏழு பேர் கூடித் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

தேவிகாவுக்குத் தடை புதிதில்லை. தெற்குவாசல் பக்கம் ஒரு சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்தவள். ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொடுக்கும் வேலை பார்த்த அப்பா கோகுல்நாத், மகள் கும்பகோணம் ஓவியக் கல்லூரிக்குப் போக வேண்டும் என்றபோது ஓவியம்தானே, கோலம் மாதிரி ஏதாவது வரையட்டும் என்று அனுப்பினார். இரண்டாம் வருடம் அவள் உள்ளங்கையில் கல் கொத்திய காய்ப்பைக் கண்டார். “இந்தக் கையை எவன் பிடிப்பான்?” என்று வீட்டில் பேசும் சௌராஷ்டிரத்தில் கத்தினார். எவனும் பிடிக்கவில்லை. அவளும் கையை நீட்டிக்கொண்டு நிற்கவில்லை. உளி பிடித்தாள். சாப்பாட்டுக்கு ஒத்தக்கடைப் பள்ளி ஒன்றில் ஓவிய ஆசிரியை ஆனாள்.

பழங்காநத்தத்தில் ஒரு மார்பிள் கடையின் பின்னால் தகரக் கொட்டகை பிடித்தாள். தொண்ணூறுகளில் மதுரைக்காரர்களுக்குத் தரையில் பளிங்கு போடும் வெறி பிடித்திருந்தது. சாம்பல் ரேகை ஓடிய கல்லை யாரும் வாங்க மாட்டார்கள். அந்தக் கற்கள் அவளிடம் வந்தன. அவள் கையில் கல் விளையாடும். பளிங்கில் தலையணை செய்தாள். தலை வைத்து அமுங்கிய பள்ளம், உறையின் சுருக்கம், பிரிந்த தையல் எல்லாம் உண்டு. அதன் மேல் மூன்று வெண்கல மூட்டைப்பூச்சிகள். வார்த்துக்கொடுத்தவர் மணியும் குழாயும் வார்க்கிற நைனா முகமது.

“தங்கச்சி, ஊரே மூட்டைப்பூச்சிய ஒழிக்க மருந்தடிக்குது. நீ மட்டுந்தான் வார்த்துக் குடுங்கிற,” என்பார்.

“அண்ணே, கால் ஒடையாம வார்த்துக் குடுங்க, போதும்.”

கொட்டகைக்கு வருகிறவர்கள் விரல் தானாக அந்தத் தலையணைக்குப் போகும். அழுத்திப் பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள். பிறகு எல்லோரும் தவறாமல் ஒரே கேள்வி கேட்பார்கள்: “ஏம்மா, சாமி சிலை செய்ய வராதா?”

“வரும். ஊர்ல ஏற்கெனவே நெரிசலா இருக்கு.”

சாமியில்லாத சிலை, தலைவரில்லாத சிலை, செத்துப்போன முதலாளியில்லாத சிலை எதற்கு என்பது இந்த ஊருக்குப் புரியாது. கல்லைக் கண்டால் கும்பிட வேண்டும், இல்லாவிட்டால் மாலை போட வேண்டும். தொட்டுப் பார்த்துச் சிரிக்கலாம் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பள்ளிக்குப் போகிற வழியில் செண்பக நகர்த் தெருவைக் கூட்டும் முத்திருளாயியை தேவிகா தினமும் பார்ப்பாள். முப்பது வயதிருக்கும். முன்பல் ஒன்று பாதி உடைந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கமுள்ள சேரியில் வீடு. விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு அவள் சிரித்தால் தெருவின் மறுமுனையில் கேட்கும். பூங்காவுக்கு ஒரு சிலை வேண்டும் என்று சங்கம் கேட்டதும் தேவிகாவுக்கு அந்தச் சிரிப்புதான் ஞாபகம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கொட்டகைக்குக் கூப்பிட்டாள். பலகையைக் காட்டி, “மல்லாந்து படுத்து, கால் மேல கால் போட்டுக்க,” என்றாள்.

முத்திருளாயி படுக்கவில்லை. திறந்திருந்த கதவையே பார்த்தாள்.

“கதவச் சாத்துக்கா.”

“இங்க யாரு இருக்கா?”

“எங்கய்யாவும் அப்பிடித்தான் நெனச்சாரு. சொந்த வாசல்ல, சொந்தக் கட்டில்ல, கால் மேல கால் போட்டுப் படுத்திருந்தாரு. மேலத்தெருக்காரன் ஒருத்தன் சைக்கிள்ல போனான். மறுநாளு எங்கய்யா நடக்கல. ஆறு மாசம் நடக்கல. நீ கதவச் சாத்து.”

தேவிகா சாத்தினாள். முத்திருளாயி படுத்தாள். காலைத் தூக்கிப் போட்டாள். பாதத்தை ஆட்டிப் பார்த்தாள். தன் கால் தனக்கே வேடிக்கையாக இருக்க, கொட்டகைத் தகரம் அதிரச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் தேவிகா வெண்கல வார்ப்புக்கான மெழுகில் பிடித்தாள். முத்திருளாயி கொண்டுவந்திருந்த தென்னங்குச்சி விளக்குமாற்றை அவிழ்த்து, குச்சி குச்சியாக மெழுகில் அழுத்தி, சேலையின் நெசவை வரவழைத்தாள். எருமைத் தோலுக்குப் பல் உளியால் கொத்தினாள்; தடவினால் முடி குத்துவது போலிருக்கும். எருமையின் நாக்கு வெளியே வந்து தன் மூக்கையே துழாவியது.

பூங்காவில் வைத்த முதல் இரண்டு நாளும் எல்லோரும் சிரித்தார்கள். மலைச்சாமியே எருமையின் நாக்கைத் தட்டி, “பயலுக்குச் சளி போல,” என்றார். மூன்றாம் நாள் யாரோ உடைந்த பல்லைப் பார்த்துவிட்டார்கள். நம் தெருவைக் கூட்டுகிறவள். நம் பூங்காவில் படுத்திருக்கிறாள். அதுவும் கால் மேல் கால் போட்டு. போகிறவர் வருகிறவர் முகத்துக்கு நேரே அவள் உள்ளங்கால். அத்தோடு அந்த நகரின் சிரிப்பு நின்றது.

காலை அறுக்கச் சொன்னதற்கு அடுத்த நாளே மலைச்சாமி தேவிகாவை மறுபடி அழைத்தார். இந்த முறை முகம் மலர்ந்திருந்தது.

“ஒண்ணும் அறுக்க வேணாம்மா. கையில ஒரு சூலம் மட்டும் குடுத்துருங்க. எருமை மேல இருக்கால்ல? அம்மன்னு ஆயிரும். அம்மன் எப்பிடியும் படுத்துக்கலாம். ஒரு பய கேக்க முடியாது.”

“அதே காலு, அதே மூஞ்சிதான சார்?”

“அதே மூஞ்சிதான். ஆனா கும்பிட்டிருவோம்ல?”

ஒரு பெண்ணை மனுஷியாகப் படுக்க விட மாட்டார்கள். சாமியாக்கி அவள் காலில் விழுவார்கள். நாளைக் காலையில் அதே பெண்ணிடம் குப்பையை அள்ளச் சொல்வார்கள். இந்தக் கணக்கில் தப்பே இல்லை என்று ஏழு பேரும் மனமார நம்பினார்கள்.

“சூலம் கெடையாது. கால் எறங்காது. வர்ற வெள்ளிக்கிழமை கலெக்டர் வந்து தொறக்கட்டும். ஒப்படைச்சுக் கையெழுத்து வாங்குற வரைக்கும் செலை என்னுது,” என்று எழுந்துவந்துவிட்டாள். நியாயத்தின் பக்கம் நின்ற திமிர் அவள் நடையில் இருந்தது.

அந்தத் திமிரை மறுநாளே முத்திருளாயி உடைத்தாள். வேலை முடித்து நேரே கொட்டகைக்கு வந்தவள் உட்காரவில்லை.

“அது நான் இல்ல, என் மொகம் இல்லன்னு பேப்பர்ல கைநாட்டு வைக்கச் சொல்றாக. இல்லாட்டி காண்ட்ராக்டர்ட்டச் சொல்லி வேலைய எடுத்துருவாகளாம்.”

“நீ பயப்படாத. நான் விட மாட்டேன்.”

“நீ என்னத்த விட மாட்ட? ஒன் பேரு கீழ அழகாக் கொத்தியிருக்கு. பாராட்டு வந்தா ஒனக்கு. திட்டு வந்தா எனக்கு. மெழுகுல எடுக்கையில கேட்ட, சரி. நான் கூட்டுற தெருவுலயே கொண்டாந்து வைப்பேன்னு கேட்டியா?”

தேவிகா கேட்கவில்லை. பெருமைப்படுத்துவதாக நினைத்துக்கொண்டாள். கதவைச் சாத்தச் சொன்னவளின் காலைக் கொண்டுபோய் நடுத்தெருவில் வைத்தது தான்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

“தப்புத்தான். சொல்லு. எறக்கிரவா?”

முத்திருளாயி மூலையில் கிடந்த பழைய அச்சுத் துண்டுகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“எங்கய்யா காலத்தான் ஒடைச்சாக. நீயுமா?” என்றாள். “எறக்காத. கைநாட்டும் வைக்க மாட்டேன். வாரேன்.”

வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்குக் கொட்டகைப் பக்கத்துக் கடை போனுக்கு முத்திருளாயி கூப்பிட்டாள். பின்னால் பஸ் இரைச்சல்.

“அக்கா, பூசாரியக் கூட்டியாந்து செலை மேல மஞ்சள அப்பிட்டாக. நெத்தியில குங்குமம், கழுத்துல வேப்பிலை, கையிடுக்குல தகரச் சூலம். நான் பக்கத்துல கூட்டப் போனேன். வெளக்குமாத்தோட சாமி கிட்ட வராதங்கிறாரு மலைச்சாமி. எங்கிட்டயே என் கிட்ட வராதங்கிறான், அக்கா. என்னைய இங்கருந்து எடுத்துட்டுப் போயிரு.”

ஒரு மணி நேரத்தில் தேவிகாவும் நைனா முகமதுவும் மினி வேனில் வந்து இறங்கினார்கள். இருபது முப்பது பேர் கூடியிருந்தார்கள். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. தேவிகா ஊதி அணைத்தாள். கூட்டம் ‘ஐயையோ’ என்றது.

“பாய், நீங்க தொட்டுறாதீங்க. கலவரமாயிரும்,” என்று மலைச்சாமி கையை நீட்டினார்.

“வார்த்ததே நாந்தாங்க. உள்ள, வெளிய, அம்புட்டும் இந்தக் கைதான் தொட்டுச்சு,” என்றார் நைனா முகமது. ஆனாலும் ஒதுங்கி நின்றார். ஸ்பேனரை தேவிகாவிடம் கொடுத்தார்.

வெண்கலப் பெண்ணை எருமையோடு பிடித்திருந்தவை மூன்று போல்ட்டுகள். நட்டுகள் எருமையின் வயிற்றுக்கு அடியில் இருந்தன. தேவிகா குனிவதற்குள் ஸ்பேனரை வாங்கிக்கொண்டு முத்திருளாயி தரையில் படுத்து எருமைக்குக் கீழே நுழைந்துவிட்டாள்.

“டேய், பிடிங்கடா அவள! தூக்க விடாதீங்க! செலையப் பிடிங்க!” என்று மலைச்சாமி கத்தினார்.

ஒருவரும் அசையவில்லை. அவர் தன் பக்கத்தில் நின்ற கருத்தக்கண்ணனின் முதுகில் தள்ளினார். பால் வியாபாரம் பார்க்கிற ஆள். எருமையே பயப்படுகிற உடம்பு.

“நான் மாட்டேண்ணே. குளிக்கக்கூட இல்ல. சாமி மேனியில கைய வைக்கச் சொல்றீக.”

“அது சாமி இல்லடா!”

“நீங்கதானண்ணே காலையில சூடம் கொளுத்துனீக? எங்க வீட்டுக்காரி வெளக்கே ஏத்திட்டா. நீங்க வைங்க கைய, பாப்போம்.”

மலைச்சாமி கையை வைக்கவில்லை. கோயிலில் பூசாரி அல்லாதவன் சாமியைத் தொடக்கூடாது என்று வாழ்நாளெல்லாம் அடுத்தவனைத் தடுத்த கை அது. இப்போது அதே சட்டம் திரும்பி வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. முப்பது பேருக்கு நடுவில் அந்த வெண்கலத்தைத் தொடத் துணிந்தவர்கள் மூன்றே பேர். அதில் ஒருவருக்கு அது வார்ப்பு, ஒருத்திக்கு அது வேலை, இன்னொருத்திக்கு அது சொந்த உடம்பு.

மூன்றாவது நட்டு கழன்றது. முத்திருளாயி வெளியே வந்து சேலையில் கையைத் துடைத்தாள்; தகரச் சூலத்தைப் பிடுங்கி மலைச்சாமியின் காலடியில் போட்டாள். “ஒங்க சாமான். வச்சுக்கங்க.” தலைமாட்டை தேவிகா பிடித்தாள், இடுப்பை நைனா முகமது பிடித்தார், காலை முத்திருளாயி பிடித்தாள். கூட்டம் வழி விட்டது. ஒரு கிழவர் போகிற வேனைப் பார்த்துக் கும்பிட்டார். மேலூர் ரோட்டில் வெயிலில் கால் மேல் கால் போட்டபடி அவள் மதுரைக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை கலெக்டர் வந்து பூங்காவைத் திறந்தார். நடுவில் எருமை மட்டும் இருந்தது, முதுகில் ஒரு பெண் படுத்த பள்ளத்தோடு. அந்தப் பள்ளத்தில் சந்தனம் நிரப்பியிருந்தார்கள். மூக்கைத் துழாவும் அந்த நாக்குக்குக் கீழே ஒரு தட்டு, தட்டில் பூ. மனுஷி போனாலும் அவர்களுக்கு எருமை போதுமானதாக இருந்தது.

முத்திருளாயியின் தெரு பறிபோனது. காண்ட்ராக்டர் அவளை மீன் மார்க்கெட் சாக்கடைக்கு மாற்றினான். தேவிகா மனு மேல் மனு எழுதினாள். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. பள்ளியிலும் அவளை அடுத்த வருடம் வர வேண்டாம் என்றார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முத்திருளாயி கொட்டகைக்கு வந்தாள். வெண்கலம் பலகைமேல் கிடந்தது. விளக்குமாற்றுக் குச்சித் தடங்களில் மஞ்சள் இறங்கி உறைந்திருந்தது. ஆளுக்கு ஒரு குச்சியை எடுத்து இருவரும் நெடுநேரம் சுரண்டினார்கள். கை ஓய்ந்தபோது முத்திருளாயி பக்கத்துப் பலகையில் மல்லாந்தாள். மார்பிள் வாங்க வந்தவர்கள் வாசலைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். தேவிகா எழுந்து கதவின் பக்கம் போனாள்.

“எங்க போற?”

“சாத்தலாம்னு.”

“கெடக்கட்டும், விடு,” என்று சொல்லிவிட்டு, முத்திருளாயி வலது காலைத் தூக்கி இடது முழங்கால்மேல் போட்டாள்.