என் கண்ணில் இருந்த நூலும் பாட்டிலில் இருந்த நூலும்

என் வாய் கொஞ்சம் நீளம் என்று வீட்டில் சொல்வார்கள். கண்ணைப் பற்றி மட்டும் அப்படி யாரும் குறை சொன்னதில்லை. தட்டாஞ்சாவடியில் ஊசிமருந்து நிரப்பும் ஒரு சின்ன கம்பெனியில் எனக்கு வேலையே கண்ணால்தான். மருந்து நிரப்பி மூடி போட்ட கண்ணாடி பாட்டில்கள் ட்ரே ட்ரேயாக வரும். ட்யூப்லைட்டுக்குக் கீழே வெள்ளைப் பலகை ஒன்று, கறுப்புப் பலகை ஒன்று. பாட்டிலின் கழுத்தைப் பிடித்து ஒரு சுழற்று சுழற்றி நிறுத்த வேண்டும். பாட்டில் நின்றுவிடும், உள்ளே மருந்து மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். அதோடு சேர்ந்து ஏதாவது சுற்றினால் அது மருந்துக்குள் கிடக்கும் தூசி. பாட்டில் சிவப்பு ட்ரேக்குப் போகும். சுற்றாமல் ஒரே இடத்தில் நின்றால் கண்ணாடியில் விழுந்த கீறல். அதற்கு வேறு ட்ரே. இது யாரோ ஒருவருடைய நரம்புக்குள் போகப்போகிற மருந்து என்று சேர்ந்த அன்றைக்கே ஆபீசர் சொல்லியிருந்தார். அதை நான் மறந்ததே இல்லை.

எங்கள் செக்‌ஷனில் ஆறு பெண்கள். வயதில் நான்தான் சின்னவள், தூசியை அதிகம் பிடிப்பவளும் நான்தான். மற்றவர்கள் பார்வையில் தப்பிய ஒரு மெல்லிய நூலை நான் பிடித்துவிட்ட நாளில், வீடு திரும்பும் அரியாங்குப்பம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காவிட்டாலும் எனக்குக் கோபம் வராது. கர்வம்தான். இல்லை என்று இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது.

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள் அவை. சாவிக்கொத்தில் மாட்டும் லேசர் லைட்டை ஞாயிற்றுக்கிழமை ரோட்டுக் கடைகளில் குவித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். சினிமா தியேட்டருக்குள் படத்துக்கு நிகராக அந்தச் சிவப்புப் பொட்டும் ஓடும். ஒரு ஞாயிறு மேட்னிக்கு, வேலையில் என் பக்கத்து நாற்காலியில் உட்காரும் அக்காவோடு போயிருந்தேன். கதாநாயகி அழுகிறாள், அவள் மூக்குத்திமேல் சிவப்புப் பொட்டு உட்கார்ந்திருக்கிறது. எழுந்தால் நெற்றிக்குப் போகிறது. பொறுத்துப் பார்த்தேன். இடைவேளைக்கு முன்பே என் பொறுமை தீர்ந்துவிட்டது.

யாரோ காலேஜ் பையன் என்று நினைத்துக்கொண்டு எழுந்து திரும்பினேன். இரண்டு வரிசை பின்னால் நரைத்த மீசையோடு ஒரு பெரிய மனிதர். பக்கத்தில் மனைவி, முறுக்கு தின்னும் பிள்ளைகள்.

"ஏங்க, புள்ள குட்டியோட வந்துட்டு இதான் வேலையா உங்களுக்கு?" என்று கத்தினேன்.

மனிதர் வெலவெலத்துப் போனார். லைட்டை அணைக்க வேண்டும் என்று தோன்றவில்லை போலிருக்கிறது, கையோடு அப்படியே இழுத்தார். சிவப்பு வெளிச்சம் என் வலது கண்ணில் அறைந்துவிட்டுப் போனது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். திறந்தபோது கொஞ்ச நேரம் எல்லாமே பச்சையாகத் தெரிந்து, பிறகு சரியாகிவிட்டது. நானும் உட்கார்ந்து மிச்சப் படத்தைப் பார்த்தேன்.

வெளியே வரும்போது அக்காதான் ஆரம்பித்தாள். "அது கண்ணுல பட்டா உள்ள வெந்துடும்னு சொல்றாங்கடி. எதுக்கும் பாத்துக்க."

பார்த்துக்கொண்டேன். அதுதான் வினையாகிவிட்டது. மறுநாள் காலை பஸ் அரியாங்குப்பம் பாலத்தில் ஏறியதும் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தேன். வெளுத்த வானத்தில் ஒரு நூல். வளைந்து, நுனியில் ஒரு முடிச்சோடு, மெதுவாகக் கீழே இறங்கியது. கண்ணை மேலே தூக்கினால் கூடவே மேலே வந்தது. இடது கண்ணை மூடினாலும் இருந்தது. வலது கண்ணை மூடினால் காணவில்லை. லேசர் பட்ட கண் அதுதானே? அக்கா சொன்னபடி உள்ளே வெந்துவிட்டது என்றே முடிவு கட்டினேன்.

அன்றைக்கு வெள்ளைப் பலகைக்கு முன்னால் நான் பட்டதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. எந்தப் பாட்டிலைத் தூக்கினாலும் அதற்குள் நூல் மிதந்தது. மருந்தில் இருக்கிறதா, என் கண்ணில் இருக்கிறதா என்று பிரிக்கத் தெரியவில்லை. சந்தேகமானதைத் தள்ளிவிடுவதே மேல் என்று சிவப்பு ட்ரேயில் போட்டேன். போட்டேன், போட்டேன், ட்ரே நிறைந்து அடுத்த ட்ரே வந்தது. மூன்று நாள் இப்படியே போனது. நான் தள்ளியதை எல்லாம் ஆபீசர் அக்காவிடம் கொடுத்து மறுபடி பார்க்கச் சொன்னார். ஒன்றிரண்டு தவிர மற்றதெல்லாம் நல்ல பாட்டில்.

"இன்னாம்மா, நல்ல சரக்கெல்லாம் தூக்கி செவப்புல போட்டுட்டு இருக்க?" என்றார் ஆபீசர். "வர்ற திங்கக்கெழம கண்ணு டெஸ்ட்டு. அதுல பாத்துக்கலாம். முடியலன்னா லேபிள் ஒட்டுற பக்கம் போயிடு."

வருஷத்துக்கு ஒரு தரம் நடக்கிற டெஸ்ட் அது. தோற்றவர்கள் லேபிள் பக்கம் போய்விட்டால் திரும்பி வந்ததே கிடையாது. லேபிள் ஒட்டுவது கேவலமான வேலை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கண் கெட்டுப்போனவள் என்ற பெயரோடு அங்கே போய் உட்கார என்னால் முடியாது. பயந்தேன். அதற்கு மேல், ஒரு தெரியாத மனிதரைத் திட்டப் போய்க் கண்ணைத் தொலைத்தேனே என்று என் வாய்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. கண் எரிச்சல் என்று மட்டும் அம்மாவிடம் சொன்னேன். அம்மா நந்தியாவட்டைப் பூ பறித்து வந்து இமைமேல் வைத்தாள். குளிர்ச்சியாக இருந்தது, நூல் மட்டும் போகவில்லை.

சனிக்கிழமை அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்று இருந்த இடத்தில் 'கண் டாக்டர்' என்றே எழுதினேன். டவுனுக்குள் இருந்த அந்தப் பெண் டாக்டரிடம் பிரெஞ்சு அரசாங்கத்தின் பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், எல்லோருக்கும் புரை. நடுவில் நான் ஒருத்திதான் சின்ன வயது. சொட்டு மருந்து விட்டு, கண் பாப்பா விரிந்து உலகமே கூசும்வரை காக்கவைத்து, பிறகு டாக்டர் நெற்றியில் லைட்டை மாட்டிக்கொண்டு இரண்டு கண்ணுக்குள்ளும் மூலை முடுக்கெல்லாம் பார்த்தார்.

"எத்தனி நேரம் பட்டுது அந்த லேசரு?"

"ஒரு செகண்டு கூட இருக்காது டாக்டர். கண்ண மூடிக்கினேன்."

"அதான் உன்ன காப்பாத்திச்சி. சாவிக்கொத்து லைட்டு ஒரு நொடி பட்டதுல ஒண்ணும் ஆவல. விழித்திரை சுத்தமா இருக்கு. லேசரு சுட்டுதுன்னா சுட்ட எடத்துலதாம்மா நிக்கும். நீ எத பாத்தாலும் அதுமேல ஒரு பொட்டு ஒக்காந்திருக்கும், நீந்தாது. உன்னுது நீந்துதுல்ல? கண்ணுக்குள்ள கூழு மாதிரி ஒண்ணு இருக்கு, அதுல மெதக்குற தூசி அது."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டாக்டர் விசித்திரமாகப் பார்த்தார்.

"எங்க வேலையே அதான் டாக்டர். சுத்துனா தூசி, நின்னா கீறல்."

"அப்புறம் எதுக்கு எங்கிட்ட வந்த?" என்று அவரும் சிரித்துவிட்டார். அது முன்பிருந்தே இருந்திருக்கும், வெள்ளைப் பலகையைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் பயத்தில் தேடிக் கண்டுபிடித்திருக்கிறது என்றார். திடீரென்று நிறையப் புள்ளி கொட்டினாலோ, மின்னல் அடித்தாலோ, ஓரத்திலிருந்து திரை இறங்கினாலோ அந்த நிமிஷமே ஓடி வர வேண்டும் என்றும் சொன்னார். "அதுக்குன்னு இனிமே லேசர மொறச்சி பாக்காத. யாரயாவது திட்றதுன்னா திரும்பாம திட்டு."

பாப்பா விரிந்த கண்ணோடு வெளியே வந்தால் வெயிலில் எதுவும் துலங்கவில்லை. துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக எதுவும் தெரியாமல் நடந்ததில்லை.

ஆனாலும் நூல் போகவில்லையே. டெஸ்ட் இருக்கிறதே. ஞாயிறு முழுக்க யோசித்து, வீட்டில் ஒரு சின்னக் கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் பழகினேன். முதலில் கண்ணை அசைக்காமல் பாட்டிலைச் சுழற்ற வேண்டும். அடுத்து பாட்டிலை அசைக்காமல் கண்ணை ஒரு சுழற்று சுழற்றி நிறுத்த வேண்டும். பாட்டிலோடு சுற்றினால் மருந்தில் உள்ளது. கண்ணோடு சுற்றினால் என்னுடையது, சாயங்காலம் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டியது.

திங்கட்கிழமை டெஸ்ட் ட்ரே வந்தது. நான் சேர்வதற்கு முன்பிருந்தே அதே ட்ரேதான். நல்ல பாட்டிலும் கெட்ட பாட்டிலும் கலந்திருக்கும், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு நம்பர். எவை கெட்டவை என்ற லிஸ்ட் ஆபீசரின் மேசை டிராயரில் பூட்டியிருக்கும். நான் ஒவ்வொரு பாட்டிலையும் சுழற்றினேன், பிறகு கண்ணைச் சுழற்றினேன். பக்கத்தில் இருந்தவர்கள் எனக்குச் சாமி வந்துவிட்டதோ என்று பார்த்திருப்பார்கள். என் நூல் வந்தது, போனது. அதை நான் சட்டை செய்யவில்லை.

ஆபீசர் லிஸ்ட்டோடு ஒத்துப் பார்த்தார். கெட்டது அத்தனையும் சிவப்பு ட்ரேயில் இருந்தது. கூடவே ஒன்று அதிகம்.

"இது நல்ல பாட்டிலும்மா. லிஸ்ட்டுல இல்ல."

"அப்ப லிஸ்ட்டு தப்பு சார்."

ஆபீசர் பாட்டிலை வாங்கிச் சுழற்றினார். பார்த்தார். "ஒண்ணுமில்ல. உன் கண்ணுல இருக்கற கோளாற பாட்டில்ல பாக்குற. கண் டாக்டருன்னு நீதான லீவு லெட்டர்ல எழுதி குடுத்த."

"எங்கண்ணுல இருக்கற நூல எனக்கு நல்லா தெரியும் சார். அது வளைஞ்சி, நுனில முடிச்சி இருக்கும். இது நேரா இருக்குது. சுத்தி நிறுத்துனவுடனே பாக்காதீங்க. அடியிலேர்ந்து எழும்பும், கறுப்பு பலகையில பாருங்க."

விளக்கு வைத்த பூதக்கண்ணாடியை எடுத்துவரச் சொன்னார். கறுப்புப் பலகைக்கு முன்னால் பாட்டிலைச் சுழற்றி நிறுத்தி, குனிந்தார். வெகுநேரம் நிமிரவே இல்லை. பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்தார். அக்காவைக் கூப்பிட்டார். அக்கா குனிந்த வேகத்தில், "அய்ய, ஆமா சார், நேரா ஒரு நூலு எழும்புது பாருங்க" என்றாள்.

அந்தப் பாட்டிலை அத்தனை வருஷமாக அங்கே டெஸ்ட்டுக்கு உட்கார்ந்த ஒவ்வொருவரும் நல்லது என்று தாண்டியிருக்கிறார்கள். போன வருஷம் நானும் தாண்டியிருக்கிறேன். லிஸ்ட்டைப் போட்டவரே ஆபீசர்தான். அவர் சிவப்புப் பேனாவை எடுத்து லிஸ்ட்டின் கடைசியில் அந்த நம்பரைத் தன் கையால் எழுதி, கையெழுத்துப் போட்டார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"அடுத்த வருஷம் டெஸ்ட் ட்ரேய நீ ரெடி பண்ணு. மொதல்ல எனக்கு டெஸ்ட் வை."

சாயங்காலம் பஸ்ஸில் அதிசயமாக ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அக்கா உட்கார்ந்தாள், என்னால் உட்காரவே முடியவில்லை. பாலத்தில் ஏறியதும் குனிந்து வானத்தைப் பார்த்தேன். நூல் வந்தது.

"இன்னும் தெரியுதாடி?" என்றாள் அக்கா.

"தெரியுது, முடிச்சோட தெரியுது" என்றேன், பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.