அர்தேலியோ திருப்பி வைத்த பலகை

அர்தேலியோவுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. பாதிரியார் பிரசங்கத்தைச் சீக்கிரம் முடித்தால்கூட, இன்றைக்கு ஏன் முடித்தார் என்று யோசிக்கிற ஆள். என் வயதுக்காரன், என்னோடு பள்ளிக்கூடம் வந்தவன், அதனால் சொல்கிறேன். சாலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் அமியாத்தா மலைச் சரிவில் முக்கால்வாசி அம்புக்குறிப் பலகைகளை நட்டது அவன்தான். அதில் ஒன்றை மட்டும் வேண்டுமென்றே திசை மாற்றி முறுக்கி வைத்ததும் அவன்தான்.

அது வெந்நீர் ஊற்றுக்குப் போகும் வழிப்பலகை. காட்டுக்குள்ளே வெள்ளைப் பாறைகளுக்கு நடுவில், கந்தக வாடையோடு இளஞ்சூட்டில் தண்ணீர் தேங்கி நிற்கும். ஃப்ளோரன்ஸுக்கும் ரோமுக்கும் ஓடுகிற வெளியூர்க்காரர்களுக்கு அது தெரியாது. தெரியவும் கூடாது என்பதில் ஊரே ஒற்றுமை. காளான் முளைக்கும் இடத்தைக் கட்டிய பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாத ஊர் இது. எவனாவது ஊற்றுக்கு வழி கேட்டால், "ஐயோ, அங்கே ஒரே விரியன் பாம்பு" என்று சொல்லிவிட்டு எங்கள் வேலையைப் பார்ப்போம்.

அர்தேலியோவுக்கு அது வெறும் ஊர் வழக்கம் அல்ல. அவன் மனைவி ஆர்ஜியாவின் விரல்கள் முடக்குவாதத்தில் மடங்கிப் போய்ப் பொத்தான் போடக்கூட முடியாமல் கிடந்தன. அந்தத் தண்ணீரில் ஊறி ஊறித்தான் திரும்ப விரிந்தன. வாரம் தவறாமல் கூட்டிக்கொண்டு போவான். கூட்டம் வந்தால் வேலி போடுவார்கள், டிக்கெட் கிழிப்பார்கள், ஆர்ஜியாவுக்கு உட்கார இடம் இருக்காது. பக்கத்துப் பள்ளத்தாக்கில் அப்படித்தான் ஆயிற்று. அவன் பயம் நியாயமான பயம்தான்.

போன கோடையில் ஊற்றைத் தேடி வெளியூர் வண்டிகள் வர ஆரம்பித்தன. ஒரு நாள் ஈரத் தலையோடு ஒரு ஜோடி என் காப்பிக்கடைக்குள் நுழைந்தது. அங்கே உட்கார்ந்திருந்த அர்தேலியோ கந்தக வாடையைப் பிடித்துவிட்டான்.

"அங்க பாம்பு இல்லையா?" என்று கேட்டான்.

அந்தப் பெண் சிரித்தாள். "அதெல்லாம் சும்மா சொல்வாங்களாமே! முதல் படி வழுக்கும், ரெண்டாவதுல உக்காருங்கன்னுகூடச் சொன்னாங்க."

"யாரு சொன்னா?"

"யாருன்னு சொல்லக் கூடாதுன்னும் சொன்னாங்க."

அவர்கள் போனதும் என் பக்கம் திரும்பினான். "டேய் ஃபோஸ்கோ, வெளியூர்க்காரன் வந்தா காப்பி யாருகிட்ட குடிப்பான்?"

"எங்கிட்டதான். அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. கேட்டேன்."

"சந்தேகப்பட்டா நேரா கேளுடா. நீ திருப்பி வெச்ச பலகைய இத்தனை வருஷமா காட்டிக் குடுக்காதவன் நான்!"

எழுந்து போனான். மறுநாளிலிருந்து என் கடையில் காப்பி குடிப்பதை நிறுத்திவிட்டான். இந்த ஊரில் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. குடிக்காமல் வீட்டில் இருந்தாலும் பரவாயில்லை, எதிரே நின்று கண்கொத்திப் பாம்பாக என் கடை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு பொறி வைத்தான். "வாதுமை மரத்துப் பாதையைச் சுத்தம் பண்ணிட்டாங்க, ஊத்துக்கு இனி அதுதான் நல்ல வழி" என்று போகிற போக்கில் என்னிடம் ஒரு பொய். ரொட்டிக் கடைக்காரனிடம் கல் குவாரி வழி என்று ஒரு பொய். பாதிரியாரிடம் வேறொரு பொய். அதையும் பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் போய்ச் சொன்னானாம்! எந்தப் பொய் வழியில் வெளியூர்க்காரன் வருகிறானோ, அந்தப் பொய்யைக் கேட்டவன்தான் துரோகி என்பது அவன் கணக்கு.

ஒருத்தரும் அந்த வழிகளில் வரவில்லை. எல்லோரும் சரியான பாதையிலேயே, அதுவும் உட்காரத் துண்டோடு வந்தார்கள்.

ஒரு காலையில் கடைக்கு வந்தான். மன்னிப்பா? அவனா? "நீ இல்ல போலிருக்கு. சாட்சிக்கு வா" என்றான். எனக்கும் அந்த ஓட்டை வாய்க்காரன் யாரென்று பார்க்க ஆசை, கூடவே போனேன். ஆர்ஜியா வழக்கம்போல் பழைய ஆலைச் சந்தில் இருக்கும் அவரைத் தோட்டத்துக்குப் போயிருந்தாள், அதனால் அவள் கேள்வி கேட்கவும் இல்லை. கையில் ஸ்பேனரோடு முன்னே நடந்தான். ஊற்றுக்கு மேலே கருவாலி மரத்துக்குப் பின்னால் பதுங்கினோம்.

கீழே ஒரே சிரிப்பு. நாலைந்து வெளியூர்க்காரர்கள், நடுவில் கழுத்தளவு தண்ணீரில் ஆர்ஜியா.

"போகும்போது சத்தம் போடாமப் போங்க," என்று அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். "என் புருஷன் காட்டுப்பன்னி மாதிரி எந்தப் புதருக்குள்ள நிப்பான்னு தெரியாது."

ஸ்பேனர் அவன் கையிலிருந்து நழுவிப் பாறையில் விழுந்தது. எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் மரத்துக்குப் பின்னாலேயே இருந்துகொண்டேன்.

"நீயா?" என்றான்.

"நான்தான்."

"ஏன்டி?"

"நீ பலகையத் திருப்பி வெச்ச. வண்டியெல்லாம் எங்க வந்து முட்டுது? ஆலைச் சந்துல. அங்க அவரைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு யாரு நிக்கிறா?"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. ஊர் முழுக்கச் சந்தேகப்பட்டவன், வழி தவறியவர்களை எல்லாம் தன் பெண்டாட்டியிடமே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறான்.

"பாம்புன்னு சொல்ல வேண்டியதுதான! உனக்காகத்தான்டி இவ்வளவும் காவல் காத்தேன்."

"தெரியும்," என்றாள். கோபமே இல்லை. "எத்தனை வருஷமா ரெண்டு பேரும் இங்க வர்றோம்? ஒரு நாளாவது எம்பக்கம் திரும்பி உக்காந்திருக்கியா? எவன் வர்றான்னு காட்டப் பாத்துக்கிட்டேதான உக்காருவ? உன் முதுகுகூட எவ்வளவு நேரந்தான் பேசறது, அர்தேலியோ?"

வெளியூர்க்காரர்கள் மெல்ல எழுந்து துண்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். எனக்கு அவன்மேல் இருந்த கோபம் போன இடம் தெரியவில்லை. பாவமாகத்தான் இருந்தது, இரண்டு பேரையும் பார்க்க.

அவன் பாறையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினான். கால்சட்டையோடேயே தண்ணீருக்குள் இறங்கி, காட்டுக்கு முதுகைக் காட்டி அவளெதிரே உட்கார்ந்தான். அந்த நேரம் பார்த்து மேலே ஒரு கார்க் கதவு சாத்தும் சத்தம். பேச்சுக் குரல்கள் இறங்கி வந்தன. அவன் கழுத்து நரம்பு விடைத்தது. ஆர்ஜியா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு வர்றாங்கன்னு நீயே பாத்துச் சொல்லு," என்றான், திரும்பாமல்.

அவளும் மேலே பார்க்கவில்லை.